உடைத்தாலும் எடை குறையாதவை

சிவப்பு விளக்கில் ஸ்கூட்டர்கள் நின்றால் போதும், யுன் அக்காவின் உதடு அசைய ஆரம்பித்துவிடும். முன்வண்டியின் எண் பலகையைப் பகா எண்களாக உடைக்கிறாள் என்று அர்த்தம். பச்சை விழுந்து பின்னால் ஊரே ஹாரன் அடித்தாலும் கணக்கு முடியாமல் நகரமாட்டாள். தைவானின் தைனான் நகரில் லிஃப்டுகளுக்குப் பொத்தான் பலகை மாட்டுவது அவள் தொழில். நான் அவளுக்கு வயர் இழுத்துக் கொடுக்கிறவன்.

ஐம்பத்தெட்டை உடைத்தால் இரண்டும் இருபத்தொன்பதும். அந்த இலக்கங்களைக் கூட்டினால் பதின்மூன்று. ஐந்தையும் எட்டையும் கூட்டினாலும் பதின்மூன்று. "பாத்தியா, உடைச்சாலும் எடை குறையல" என்பாள், நிறுத்துப் போட்ட மீனை வாங்கினவள் போல. திருப்பிப் போட்டு எண்பத்தைந்து ஆக்கினாலும் அப்படியேதான். இப்படி இரண்டு பக்கமும் ஏமாற்றாத எண்களைப் பொறுக்கி, எண் வரிசைகளைத் தொகுக்கிற வெளிநாட்டு இணையதளம் ஒன்றுக்கு அனுப்பினாள். ஏற்றுக்கொண்டால் வரிசையின் பக்கத்தில் அவள் பெயர் நிற்கும். மழைக்காலம் முழுக்க அக்காவுக்கு இதே நினைப்பு.

பதில் வந்தது. இருபத்திரண்டில் ஏன் தொடங்குகிறீர்கள், நாலு எங்கே என்று கேட்டிருந்தார்கள். நாலு என்றால் இரண்டும் இரண்டும். எடை சரியாகத்தான் இருக்கிறது. அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். எங்கள் பேச்சில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே சத்தம். நாலாம் மாடிப் பொத்தானை மாட்டச் சொல்லி எங்களை யாரும் கூப்பிட்டதில்லை.

"மூணுக்கப்புறம் அஞ்சுன்னே கை பழகிப்போச்சுடா" என்றாள்.

காலைச் சிற்றுண்டிக் கடை சூ-ஷியாவுக்கு விஷயம் தெரிந்ததும் முட்டைச் சுருளைத் திருப்பிக்கொண்டே தடுத்தாள். "சாவைத் தலைமாட்டுல வச்சு, பக்கத்துல உன் பேரையாக்கா எழுதப்போற? இந்த வரிசையே வேணாம், விடு."

அக்கா சோயாப்பாலை மிச்சம் வைக்காமல் குடித்தாள். "அது என்ன பாவம் பண்ணுச்சு? இருக்குறதுலயே மூத்தது அதுதான். மூத்தத விட்டுட்டா விருந்து வைப்பாங்க?"

முந்தாநாள் வரிசை ஏறிவிட்டது. நாலு, இருபத்திரண்டு, ஐம்பத்தெட்டு என்று போகிறது. ஓரத்தில் அக்காவின் முழுப்பெயர், லியாவ் பெய்-யுன். என் பெயரே அச்சானது போல எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கடையில் இருந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டிக் காட்டியது நான்தான். சூ-ஷியா மட்டும் அந்த முதல் எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் படித்தாள்.

பட்டறைக்குப் பொத்தான்கள் முழுத் தொகுப்பாகத்தான் வந்து இறங்கும். நாலாம் எண் பொத்தான்கள் மட்டும் மீந்து தகர டப்பாவில் கிடக்கும். அக்கா நேற்று அதில் ஒன்றை எடுத்துத் துடைத்தாள். கம்பெனிச் சட்டையில், பெயர்ப்பட்டைக்கு மேலே, பசை போட்டு அழுத்தி ஒட்டிக்கொண்டாள். பிறகு நாலாம் மாடியே இல்லாத ஓர் ஆஸ்பத்திரிக்குப் பலகை மாட்டக் கிளம்பினாள்.