உரல் இங்கே, உலக்கை அங்கே

எங்கள் அப்புவுக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, வாயில் பல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஆனால் வெற்றிலை இல்லாமல் அந்த மனுசனால் இருக்க முடியாது. வெற்றிலை, பாக்கு எல்லாவற்றையும் இடித்துத்தான் வாயில் போடுவார். இடிக்கிற பித்தளை உரல் அவர் சாய்ந்திருக்கும் கதிரைக்குப் பக்கத்திலேயே இருக்கும். உலக்கை மட்டும் எங்கள் வீட்டில் இருக்காது. அது சம்மாட்டியாரின் மடியில் இருக்கும்.

சம்மாட்டியார் ஊர்காவற்றுறைக் கரையில் ஒருகாலம் சொந்த வள்ளங்கள் வைத்துக் கடல்தொழில் செய்தவர்; மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். அவருக்கும் பல் இல்லை. அப்புவின் பழைய உலக்கை எப்போதோ தொலைந்தபோது, உடைந்த வள்ளத்தின் இரும்பாணி ஒன்றைத் தேய்த்து உலக்கையாக்கிக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் வீட்டுக்குப் போகும்போது மறக்காமல் அதை மடியில் செருகிக்கொண்டு போய்விடுவார். உரலை அப்பு கொடுக்கமாட்டார், உலக்கையை அவர் விட்டுவிட்டுப் போகமாட்டார். கடையில் ஒன்று வாங்கினால் என்ன என்று யாராவது கேட்டால், அப்புவுக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்காது. விடிந்ததிலிருந்து வாசல் படலையைப் பார்த்துச் சிடுசிடுத்துக்கொண்டிருப்பார். சம்மாட்டியார் வந்ததும் ஏன் பிந்தியது என்று ஒரு சண்டை நடக்கும். பிறகு இரண்டு பேரும் இடித்துப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை ஊரையும் உலகத்தையும் பிரித்து மேய்வார்கள்.

கொழும்புக் கந்தோரில் வேலை செய்த மாமா லீவில் வந்து, தகப்பன் ஒரு வாய் வெற்றிலைக்குத் தவம் கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் போனார். அடுத்த முறை வரும்போது பளபளவென்று ஒரு புதுப் பித்தளை உலக்கை கொண்டுவந்தார். வீடே மாமாவைக் கொண்டாடியது. அப்பு மட்டும் “நல்லது” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

சம்மாட்டியார் வந்து அதைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தார்.

“கொழும்புச் சாமான் எண்டால் சும்மாவே! இனி அண்ணைக்கு என்ரை துருப்பிடிச்ச ஆணி தேவைப்படாது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. கூப்பிட்டு அனுப்ப அப்புவின் ரோசம் விடவில்லை.

அப்பு விடியவே தனியே இடித்துப் போட்டுவிடுவார். பிறகு நாள் முழுக்க அவருக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. முகம் வழிப்பதை விட்டார். சோற்றை அளைந்துவிட்டு எழும்பினார். கடைசியில் கட்டிலை விட்டே எழும்பவில்லை. பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, வயது போனால் இப்படித்தான் என்று கசாயம் கொடுத்தார். அப்பு செத்துப்போகப் போகிறார் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

மீன் வாங்கப் போன அம்மா, சம்மாட்டியாரின் மருமகளைச் சந்தித்துவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் நின்று, அப்புவின் கட்டில்வரை கேட்கும்படி என்னிடம் சொன்னார்: “அங்கை சம்மாட்டியாரும் உப்பிடித்தானாம். ஆணியை மடியிலை வச்சுக்கொண்டு ஒழுங்கையைப் பாத்தபடி இருக்கிறாராம். வெத்திலையும் இல்லையாம், சோறும் இல்லையாம்.”

மறுநாள் காலையில் புது உலக்கையைக் காணவில்லை.

நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். அம்மா ஏனோ அவ்வளவு அக்கறையாகத் தேடவில்லை. அப்பு கட்டிலில் எழும்பி உட்கார்ந்தார்.

“தேடினது காணும் பிள்ளை, விடு. ஓடிப்போய்ச் சம்மாட்டியாரிட்டைச் சொல்லு, உலக்கை துலைஞ்சு போச்சு, வெத்திலை போடாமல் எனக்கு ஏலாமல் கிடக்கெண்டு.”

சொன்னதுதான் தாமதம், சம்மாட்டியார் சால்வையையும் மறந்து எனக்கு முன்னால் நடந்தார். நான் ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று மத்தியானம் அப்பு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சில நாள் கழித்து, அப்புவின் தலையணையை வெயிலில் போட எடுத்தேன். உறைக்குள்ளிருந்து புது உலக்கை விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று கத்திக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன்.

அப்பு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்கடையில்லைப் பிள்ளை.”

சம்மாட்டியாரும் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். “ஓம் அண்ணை, இது வேறை ஆரின்ரையோ சாமான்.”

நான் சத்தியம் பண்ணியும் எடுபடவில்லை.

இரண்டு கிழவர்களுக்கும் ஒரேயடியாகக் கண் மங்கிப்போனதே என்று எனக்கு அழுகை வந்தது. நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். திருவிழாவுக்குப் போனபோது, கண் சுகமாக வேண்டிச் சாத்துகிற வெள்ளிக் கண்மடல் இரண்டு சோடி வேண்டுமென்று அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு ஒரு சோடி மட்டும் வாங்கித் தந்தார்.

“ரண்டு பேரல்லோ அம்மா?”

“அவை ரண்டு பேருக்கும் ஒரு சோடி காணும்.”

வேதக்காரர் என்றபடியால்தான் சம்மாட்டியாரின் கண்ணுக்கு அம்மா கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று நினைத்தேன். லாஞ்சில் திரும்பி வந்த வழியெல்லாம் அம்மாவோடு கதைக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.