ராமாத்தாக்கா கேட்ட காட்சி

ராமாத்தாக்கா இறந்துபோய்விட்டார் என்று திருப்பூர் வேலம்பாளையத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. நான்கே வரி. எங்கள் பழைய பனியன் கம்பெனியின் மேஸ்திரி எழுதியிருந்தார். அது சென்னைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அக்காவோடு உட்கார்ந்து பனியன் மடித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அக்கா அங்கே பனியன் மடித்த காலத்தில் நான் அதே கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மேசையில் இருந்தேன். அக்காவின் கணவர் நாச்சிமுத்து துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டினார். ஒரு தை மாதத்தில் அவர் வேலைக்கு வருவதை நிறுத்தினார். குடியில்லை, காய்ச்சலில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பார்க்கப் போன என்னிடம் அக்கா தணிந்த குரலில் சொன்னார்: "சட்டையில ஒரு கைய விட்டாருன்னா, இன்னொரு கைய விட மத்தியானம் ஆயிருதுங்க தம்பி. ஆருகிட்டயும் சொல்லீராதீங்க."

நான் ஊருக்கே சொன்னேன். சென்னைக்குப் போய் ஒரு படக் கம்பெனியின் கதை இலாகாவில் சேர்ந்தேன். என் முதல் கதையில் அந்தச் சட்டையை அப்படியே வைத்தேன். கணவன் பேச்சற்றுப் போகிறான். மனைவி முருகன் சன்னதியில் ஏழு நாள் பட்டினி கிடக்கிறாள். ஏழாம் நாள் அவன் எழுந்து வந்து அவள் பெயரைச் சொல்லி அழைக்கிறான். கொட்டகையில் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

படம் திருப்பூருக்கு வந்தபோது அக்காவின் மாமியாரும் பார்த்தார். "அந்தப் புள்ள பட்டினி கெடந்தா, புருசன் எந்திரிச்சான். உனக்குத்தான் மனசில்ல" என்றாராம். அக்கா பட்டினி கிடந்தார். ஐந்தாம் நாள் கம்பெனியில், மடித்து வைத்த பனியன்கள் மேலேயே சரிந்து விழுந்தார். தூக்கிவந்து வீட்டில் கிடத்தியதும், "என்னாலதான் நீ சாகறே" என்று நாச்சிமுத்து சுவரில் தலையை மோதிக்கொண்டார். அதன்பிறகு அவரும் சோற்றைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு பாய் வண்டி பிடித்து நாச்சிமுத்துவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதால் பிழைத்தார். மனச்சோர்வு என்று ஒரு நோய் உண்டு, அதற்கு மாத்திரையும் உண்டு என்று அங்கேதான் சொன்னார்கள். அவர் மெஷினுக்குத் திரும்ப இரண்டு வருடம் ஆயிற்று.

எல்லாம் கேள்விப்பட்டும் நான் எட்டு மாதம் கழித்துத்தான் போனேன். அக்கா திட்டவில்லை. காப்பி கொடுத்தார்.

"அதெல்லாம் பொய்யின்னு எழுதறப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களே தம்பி?"

"படத்துக்கு ஒரு முடிவு வேணுமுங்க அக்கா."

"எனக்குந்தான் வேணுமுங்க. கெடைக்கலையே."

அக்கா காப்பி டம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு படம் எழுதுனீங்கன்னா, அந்தப் பொம்பளைக்குக் கோவம் வர்ற மாதிரி எழுதுங்க. அவரு மேல எனக்கு எத்தன நாள் கோவம் வந்துச்சுன்னு தெரியுமுங்களா? செத்துத் தொலைஞ்சாக்கூடத் தேவலைன்னு ஒரு நாள் நெனச்சுப் போட்டேன். அப்புறம் என்னையே அடிச்சுக்கிட்டேன். அப்படித் தோணறது பாவமில்லீன்னு ஒரு படத்துலயாச்சும் காட்டுங்க."

எழுதினேன். தயாரிப்பாளர் படித்துவிட்டு, "இப்படி நினைக்கிற பெண்ணுக்கு எந்தத் தாய்மார் அழுவார்கள்?" என்று அந்தப் பக்கத்தை அடித்தார். நான் ஒரு வார்த்தை வாதாடவில்லை. அடுத்த படம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அதன்பின் திருப்பூருக்கு எத்தனையோ முறை வந்தேன். வேலம்பாளையம் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை.

கார்டு கிடைத்த மறுநாள் போனேன். நாச்சிமுத்து வாசலில் நின்று, "வாங்க" என்றார். அவராகவே சொன்னார்.

"உங்க பேரு போட்ட படம் எது வந்தாலும் மொத நாளே போயிருவாளுங்க. வந்து, 'இதுலயும் இல்லீங்க. அடுத்ததுல எழுதுவாரு'ம்பா."

பன்னிரண்டு படங்கள். என் பேனாவை நம்பி அத்தனைக்கும் டிக்கெட் வாங்கிய ஒரே ஆள் அக்காதான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் கூசுகிறது.