துண்டு சுத்தின பார்ட்டு

அம்பத்தூர் எஸ்டேட்ல எனக்கும் பக்கத்து ஷெட்டு சிநேகிதனுக்கும் நடுவுல ஒரு சுவர்தான். ரெண்டு பேரும் லேத் பட்டறை. கரண்ட் போனா அவன் ஜெனரேட்டர் ஒயர் சுவர் தாண்டி எனக்கு வரும். என் டிரில் பிட்டுல பாதி அவன் டிராயர்லதான் கிடக்கும். கேக்கறதும் இல்ல, சொல்றதும் இல்ல.

அப்போ அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. சின்னப் பட்டறைங்க ஒண்ணா சேந்தா, நுணுக்கமா அளக்கற பெரிய மெஷின் பொதுவுல கிடைக்கும், ட்ரோன் வேலையெல்லாம் நம்ம பக்கம் வரும்னாங்க. சேந்தோம். பூந்தமல்லி போற வழியில பொது மையம் திறந்தாங்க. எல்லாரும் கை கோத்து போட்டோ எடுத்துக்கிட்டோம். அதுல நான்தான் நல்லா சிரிச்சிருக்கேன்.

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லவே வெக்கமா இருக்கு. அவனவன் பார்ட்டைத் துண்டுல சுத்தித்தான் அங்க எடுத்துக்கிட்டுப் போவான். அடுத்தவன் வெளிய போனாத்தான் பிரிப்பான். பாத்தா கஸ்டமரைக் கொத்திக்கிட்டுப் போயிடுவானாம். நானும் அந்தக் கூட்டம்தான்.

ஒரு ட்ரோன் கம்பெனிலேர்ந்து எனக்கு, மோட்டாரைத் தாங்கற பிடி ஒண்ணு சாம்பிள் செஞ்சு காட்டச் சொல்லி வந்தது. பாஸானா பட்டறை நிமிரும், இல்லன்னா காலம் பூரா ஸ்கூட்டர் சாமான்தான். துளை மட்டும் எத்தனை தடவை போட்டாலும் கோணிக்கிச்சு. பக்கத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் எட்டிப் பாத்தப்போ சாப்பாட்டுக் கூடையை மேல வெச்சு மறைச்சேன்.

போன மாசம் அந்தக் கம்பெனி இன்ஜினியர் அம்மா மையத்துக்கு வரச் சொன்னாங்க. போனா, அவனும் மடியில துண்டோட உக்காந்திருக்கான். அந்தம்மா ரெண்டு துண்டையும் பிரிச்சு மேஜை மேல வெச்சாங்க. ஒரே பார்ட்டு. என்னுதுல மேல்பக்கம் நேரா இருந்தது, துளை கோணல். அவனுதுல துளை சுத்தம், மேல்பக்கம் வளைஞ்சிருந்தது.

"பக்கத்து பக்கத்து ஷெட்டுதானே சார்? பேசிக்கவே மாட்டீங்களா?" அவ்வளவுதான் கேட்டாங்க. ஆர்டர் ஓசூர்ல வேற பட்டறைக்குப் போவுதுன்னும் சொன்னாங்க. நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருந்தது எனக்கு.

வாசல்ல அவன், "இன்னா மாமே, என்கிட்டயேவா மூடிகினு வந்தே?"ன்னான். அவன் துண்டு அவன் கையிலயே இருந்தது. அதைப் பாத்துட்டு அவனும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

அன்னிக்கு சாயங்காலம் எஸ்டேட்ல கரண்ட் போச்சு. கொஞ்ச நேரத்துல சுவருக்கு மேல ஒயர் வந்து விழுந்தது. பிளக்கைச் சொருக எனக்குக் கை வரல.