ஆறு துண்டும் ஒரு கிண்ணம் சந்தனமும்

பிரிசில்லாவுக்கு அலுப்பு பிறவிக்குணம் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். தப்பு. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே சிதம்பரம் வந்து, எரிந்து போவதற்கென்றே ஒரு பொருளை ஏழு வருஷம் செய்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் அலுக்காது?

அவள் வேலை பார்த்த கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் கிளார்க். 2004இல் அவள் சேர்ந்தபோதே என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"விண்கலம் காத்துக்குள்ள வேகமா எறங்கறப்ப, முன்னாடி இருக்கற காத்து நசுங்கி நெருப்பா கொதிக்கும் ஸ்ரீமதிக்கா. நான் செய்யறது அதுக்கு மேல்தோல் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா கருகி அந்தச் சூட்டை எடுத்துக்கிட்டுப் போயிடும். உள்ள இருக்கறது தப்பிச்சிக்கும்."

குமராட்சிப் பக்கத்து ரைஸ்மில்லின் உமிச் சாம்பலைச் சுத்தம் செய்து பிசினில் கலப்பாள். அச்சில் அழுத்தி மின்அடுப்பில் வேகவைப்பாள். பாதியில் கரண்ட் போனால் துண்டு குப்பைக்கு. நம்மூரில் கரண்ட் போன லட்சணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

2011இல் ஒருவழியாக ஆறு துண்டுகள் தேறின. விண்வெளி ஆய்வுக் குழுவினர் நேரில் வந்து சுடரில் காட்டிப் பார்ப்பார்கள். ஆறும் தாங்கினால் அவள் கலவை அடுத்த கட்டத்துக்குப் போகும். இல்லையென்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். ஏழு வருஷமும் அந்த ஆறு துண்டில்தான் இருந்தது.

குழு வருவதற்கு முந்தைய வாரம் ஆயுத பூஜை. உதவியாளர் தில்லைநாதன் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினால் லேத்து, தராசு, ஸ்பானர் எதையும் விடமாட்டார். பிரிசில்லாவின் மேசையை மட்டும் வருஷா வருஷம் தாண்டிப் போவார். கிறிஸ்தவ வீட்டுப் பெண், சங்கடப்படுவாளே என்று. அவளுக்கு அதுதான் சங்கடம்.

அந்த வருஷம் கேட்டே விட்டாள். "ஏண்ணே, என் பொருள் மட்டும் பொருள் இல்லியா? இதுக்கும் வைங்க." ஈரம் அண்டாமல் மூடி வைத்திருந்த கண்ணாடி ஜாடியை அவளே திறந்தாள்.

"வெக்கலாங்களாம்மா?"

"தாராளமா வைங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆறுக்கும் வைத்தார், ஜாஸ்தியாகவே வைத்தார். மறுநாள் காய்ந்த சந்தனத்தைத் துடைத்து, துண்டுகளை ஜாடிக்குள் போட்டு மூடினாள் பிரிசில்லா. திரும்பவும் அடுப்பில் உலர்த்தியிருக்க வேண்டும். அசந்து போயிருந்தவள், மேலே காய்ந்திருந்ததை நம்பிவிட்டாள்.

கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட பொருள் அது. சந்தனத்தின் தண்ணீர் உள்ளே இறங்கி உட்கார்ந்திருந்தது. குழுவினர் முன்னால் முதல் இரண்டும் அழகாகக் கருகின. மூன்றாவது, சுடர் பட்டதுமே உள்ளே ஆவி கட்டி, பட்டென்று வெடித்துப் பிளந்தது. ஐந்தாவதும் அப்படியே. இரண்டும் பொட்டு வைத்த இடத்தில்தான் பிளந்திருந்தன.

காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். தில்லைநாதன் அண்ணன் தினக்கூலி ஆள். பிரிசில்லா எழுதித் தந்த அறிக்கையை நான் டைப் அடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"எம் பேர எழுதிட்டாங்களாம்மா?"

காட்டினேன். துண்டுகளில் ஈரம் படவிட்டதும், மறுபடி உலர்த்தாததும் என் தவறு என்று இரண்டு வரி. சந்தனம் என்ற பேச்சே இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே பிரிசில்லாவிடம் போனேன்.

"நடந்ததை விவரமா எழுதினா இன்னொரு சான்ஸ் குடுப்பாங்களேடி!"

"கேட்டு வாங்கி வெச்சிக்கிட்டது நான்தானேக்கா" என்றாள் பிரிசில்லா.

திட்டத்தை மூடிவிட்டார்கள். அவளை அதே கட்டடத்தில் பாடம் நடத்தப் போட்டார்கள். பழைய மேசையில் யாரோ பிரிண்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்குத் தில்லைநாதன் அண்ணன் கிண்ணத்தோடு அவள் அறை வாசலில் வந்து நின்றார். நானும் கூடவே போயிருந்தேன். இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்தார். வெடித்த அந்த இரண்டு துண்டுகள். ஒரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

"இதுக்கு இனிமே வெச்சா ஒன்னும் ஆவாதுங்களேம்மா?"

பிரிசில்லா அவற்றைக் கையில் வாங்கி மேசையில் வைத்தாள்.

"ஆவாதுண்ணே" என்று சொல்லி, அவளே சந்தனத்தைத் தொட்டு இரண்டுக்கும் வைத்தாள்.