சிங்கத்தை நெரித்தவனுக்கு ஒரு பனியன்

மாமா பனியன் கம்பெனி தொடங்கியபோது தையல் மெஷின்கள் வந்துவிட்டன. பெட்டிமேல் ஒட்டும் லேபிளுக்குப் படம்தான் கிடைக்கவில்லை. முருகன், யானை, தாமரை எல்லாவற்றையும் திருப்பூரில் முன்பே யாராவது எடுத்துக்கொண்டிருந்தார்கள். காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, அவர் வீட்டில் தங்கி ஆறாம் வகுப்பு படித்த எனக்கும் அது பெரிய கவலையாகிவிட்டது.

அந்த வாரம் ஓவிய டீச்சர், பார்த்து வரைந்துவரச் சொல்லி என்னிடம் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். நானூறு வருஷத்துக்கு முன் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட கிரேக்கக் கதைப் படங்களின் நகல்கள். மயிரிழைக் கோடுகளிலேயே வெளிச்சமும் நிழலும் வந்திருந்தன. ஒரு பக்கத்தில் ஹெர்குலிஸ் வெறுங்கையால் சிங்கத்தை நெரித்துக்கொண்டிருந்தான். என்ன புஜம்! அந்தப் பக்கத்தைக் கிழித்து, டீச்சர் தந்ததாகச் சொல்லி மாமாவிடம் நீட்டினேன்.

மாமாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரே குறை, அவன் உடம்பில் பொட்டுத் துணியில்லை.

"பனியன் பொட்டி மேல இப்படி நின்னா நல்லாவா இருக்குமுங்க? இவனுக்கும் ஒண்ணு போட்டு உடுங்க" என்றார் அச்சகக்காரரிடம்.

லேபிள் வந்தபோது ஹெர்குலிஸ் கைவைத்த பனியனும் டிராயரும் அணிந்திருந்தான். சிங்கம் எங்கள் தெரு நாயைப் போலிருந்தது.

ஆனால் கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்த டீச்சருக்குப் புஜம் அடையாளம் தெரிந்துவிட்டது. நான் திருப்பிக் கொடுத்திருந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் தலைமையாசிரியை, வீட்டிலிருந்து பெரியவர்களைக் கூட்டி வராவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம் என்றார்.

ஊருக்குப் போனால் படிப்பு அதோடு சரி. மாமாவிடம் சொல்லப் பயந்து அத்தையிடம் அழுதேன். பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தரியை வைத்துவிட்டு முகம் கழுவி, சேலை மாற்றினார்.

"வா கண்ணு." என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்.

தலைமையாசிரியையின் மேசைமுன் நின்று அத்தை சொன்னார்: "புள்ள மேல தப்பில்லீங்க. கிழிச்சது நானுங்க. படம் நல்லா இருந்துச்சு, பொட்டிக்கு ஆகும்னு எடுத்துப்போட்டனுங்க."

"நாலெழுத்துப் படிச்சிருந்தாத்தானே புத்தகத்தோட அருமை தெரியும்!" என்றார் அவர். டீச்சர்களும் பியூனும் பார்த்திருக்க, மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுதி அத்தைமுன் தள்ளினார். அத்தை பேனாவைத் தொடவில்லை. பெருவிரலை நீட்டினார்.

மாமாவின் காதுக்கு அது கடைசிவரை போகவே இல்லை. நான் கல்லூரிப் படி ஏறியதும் இன்று நாலு பேர் மதிக்க வாழ்வதும் அத்தை சொன்ன அந்த ஒரு பொய்யின் புண்ணியம்.

அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? தப்பித்த சந்தோஷத்தில், ஹெர்குலிஸின் வீரச் செயல்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு குதித்து நடந்தேன். "அப்பறம்?" என்று அத்தையும் கேட்டபடி வந்தார். வழியெல்லாம் பெருவிரலை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்து மை அவ்வளவு கெட்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.