வாசலில் கேட்ட கேள்வி

துறைமுக வாசலில் காவலர் என் காரை நிறுத்தி, "எத்தனை பேரு அண்ணாச்சி?" என்றார். காருக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். ஆனால் என் வாய் "மூணு" என்றது.

பொய் இல்லை. இந்த ஒரு உடம்பில் நாங்கள் மூன்று பேர் குடியிருக்கிறோம். அது டாக்டருக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும். நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்குத் தெரிந்தால் துறைமுகப் பாஸும் போகும், வேலையும் போகும்.

காவலர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். பயம் வந்தால் எனக்கு வழக்கமாக நடப்பது நடந்தது: உடம்பைவிட்டுக் கழன்று, மேலேயிருந்து என் வழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் கண்ணாடி அதை மிகவும் குறைத்துக் காட்டியிருக்கிறது.

"மத்த ரெண்டு பேரு எங்கன?"

கீழே என் வாய் கூச்சமே இல்லாமல் சிரித்தது. "எந்த பெர்த்துன்னு கேக்கியன்னு நெனச்சேன் அண்ணாச்சி. கப்பல் நிக்கிற மூணாம் பெர்த்துக்குப் போறேன். ஆளு ஒத்த ஆளுதான்."

"காதைக் காட்டுங்க ஒரு டாக்டர்ட்ட" என்று அவர் வழிவிட்டார்.

பாஸ் தப்பியது. கிடங்குப் பக்கம் போய் உடம்புக்குத் திரும்பியதும், பேசியது யார் என்று உள்ளே விசாரித்தேன். இருவருமே மற்றவனைக் கைகாட்டினார்கள். இவ்வளவு சரளமாகப் பொய் சொல்கிறவன் இத்தனை நாளும் என்னிடம் என்னென்ன சொல்லியிருப்பான் என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.