முயலுக்கு பஸ்ஸில் சீட் கிடைத்ததா?

எங்கள் பள்ளியில் ஒரு குழந்தை முதன்முதலாக வாய் திறந்து கேட்ட கேள்வி, "பஸ்ல சீட் கெடச்சுதா?" என்பது. கேட்டது என்னிடம் இல்லை. என் இடது கையில் மாட்டியிருந்த முயலிடம். ஒரு முயலிடம் எதற்கு பஸ் சீட்டைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று புரியாமல் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது கொஞ்ச நாள் இல்லை.

மாதனூர் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. நான் வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் என்னுடையவை. நான்கையும் ஐந்தையும் பார்க்கிற டீச்சர் ஆம்பூர்க்காரர். வீட்டில் உருது, வகுப்பில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். மூன்றாம் வகுப்பையும் மற்ற எல்லாத் தலைவலிகளையும் தலைமையாசிரியர் சுமக்கிறார். ஆக மொத்தம் மூன்று பேர், ஒரே மேஜை, மதியம் மூன்று டிபன் பாக்ஸ். என் புளிக்குழம்பை அந்த டீச்சர் எடுத்துக்கொண்டு தன் தால்ச்சாவை என் பக்கம் தள்ளிவிடுவார். இதற்கெல்லாம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

அந்தக் குழந்தை இரண்டாம் வகுப்பு. பேசாது. வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்கும். பாட்டுக்குத் தலையாட்டும். சொன்னதை எழுதும், சிரிக்கும், சண்டைகூடப் போடும். ஆனால் சத்தம் மட்டும் வராது. புதிதாக யார் வந்து பெயரைக் கேட்டாலும், "அது பேசாது டீச்சர்" என்று மற்ற பிள்ளைகளே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடும். அவள் அம்மா ஆம்பூரில் கையுறை கம்பெனியில் வேலை செய்கிறாள். விடியும்போது கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டுகிற நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். அதனால் நான் அவளை நேரில் பார்த்ததே கிடையாது. போனில்தான் பேச்சு. "வூட்ல வாயே மூடாது டீச்சர். அவங்க அத்தைய வேணா கேட்டுப் பாருங்க" என்பாள். எனக்கு அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாது.

பயிற்சிகளில் கற்றுக்கொடுத்த வித்தையை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். மணலில் எழுத்து, களிமண்ணில் எழுத்து, முகமூடி, படக்கதை. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் கைப்பொம்மை. அதற்குத் துணி தேடிக்கொண்டிருந்தபோது ஆம்பூர் டீச்சர் ஒரு தோல் கையுறையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். அவருடைய தம்பி இன்னொரு கையுறை கம்பெனியில் சூப்பர்வைசர். ஜோடி சேராத ஒற்றைக் கையுறைகள் அங்கே ஒதுக்கப்பட்டுக் கிடக்கும். இந்தப் பக்கம் பல வீடுகளில் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவது அதை மாட்டிக்கொண்டுதான். இது இடது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் காது, அதற்குக் கீழே இரண்டு பித்தான் கண். மஞ்சளும் பழுப்புமாக, பார்க்கவே பாவமாக இருந்தது அந்த முயல்.

முதல் நாள் முயல் ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்திலும் உரசிப் பெயர் கேட்டுக்கொண்டே போனது. இவளிடம் வந்ததும் இவள் அதை இரண்டு கையாலும் பிடித்து முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

"பஸ்ல சீட் கெடச்சுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படியோ சமாளித்துக் கீச்சுக்குரலில், "கெடைக்கல பாப்பா, நின்னுகினே வந்தேன்" என்றேன்.

"கால் வலிக்குதா?"

அன்று மதியம் நான் சாப்பாட்டைத் தொடவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தேன். என் குரல்தான் அவளைத் திறந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. "இன்னா டீச்சர், உங்க கொரலுக்கு முயல் கொரலே தேவலாம் போலருக்கே" என்று ஆம்பூர் டீச்சர் கிண்டலடித்தார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வீட்டில் சமைத்துக்கொண்டே அந்தக் குரலைப் பழகினேன். தொண்டைக்கு ஏதாவது மாத்திரை வேண்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார்.

குழப்பம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஒரு பொம்மைக்கே இப்படி என்றால் நாலைந்து இருந்தால் எப்படி இருக்கும் என்று துணியில் யானை தைத்தேன், காலுறையில் கிளி செய்தேன். இவள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முயல்தான் பிடிக்கும் போல என்று வெள்ளைத் துணியில் இன்னொரு முயல், மூக்கும் மீசையுமாக, பழையதைவிடப் பத்து மடங்கு அழகாக. அதே குரல், அதே இடது கை. ம்ஹூம். அந்தப் பழுப்பு முயல் வந்தால் மட்டும் பேச்சு. அதுவும் எப்போதும் பஸ்ஸில்தான் தொடங்கும். கூட்டமா, கால் வலியா, சாப்டியா. கதைக்குள் முயல் காட்டில் இருக்கிறது, சிங்கம் துரத்துகிறது. இவளுக்கு அது எந்த பஸ்ஸில் வந்தது என்பதுதான் முக்கியம்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் முயல் குரலிலேயே கேட்டேன். "நீ ஏன் டீச்சர்கிட்ட பேச மாட்டேங்குற?"

"டீச்சர் வேற" என்றாள்.

ஒரு ஒற்றைக் கையுறையைவிட நான் மட்டமாகப் போய்விட்டேனா என்று இருந்தது. உண்மையிலேயே வலித்தது.

அந்த நேரத்தில்தான் தலைமையாசிரியர் ஒரு சேதியைச் சொன்னார். பிளாக் ஆபீஸிலிருந்து சிறப்பாசிரியர் வரப்போகிறார். பேசாத பிள்ளையைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் வேலூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பி, சிறப்புக் குழந்தைகளோடு சேர்த்துவிடுவார்கள். "நல்லதுக்குத்தானே மேடம்" என்றார். நல்லதுக்குத்தானா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரைக்கும் தெரியவில்லை. சாயங்காலம் அவள் அம்மா பஸ்ஸுக்குள் இருந்தே, அத்தனை இரைச்சலுக்கும் நடுவில் போன் செய்தாள்.

"ஊமைன்னு எழுதிடுவாங்களா டீச்சர்? எழுதிட்டா ஊர்ல அதே பேரு நின்னுடும் டீச்சர்."

"நான் பாத்துக்குறேன்மா. அவங்க முன்னாடி பேச வெச்சுக் காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். முயல் இருக்கிற தைரியம்.

வெளியாள் வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் முதல் வேலை நாற்றத்தைப் போக்குவதுதான். காற்று திரும்பினால் தோல் தொழிற்சாலைகளின் வாடை வந்துவிடும். திருவண்ணாமலையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் நானும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டவள்தான். அப்புறம் மூக்கு பழகி, வாடை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் மறப்பதில்லை. விருந்தாளி வந்து இறங்கியதும் அவர் கை கர்ச்சீப்பைத் தேடுகிறதா என்றுதான் எல்லாருடைய கண்ணும் போகும். அன்று காலையிலும் பினாயில் ஊற்றிக் கழுவி, வகுப்பு முழுக்க சாம்பிராணி போட்டிருந்தார்கள். எனக்கு இருமலே வந்துவிட்டது.

வந்த சிறப்பாசிரியர் நல்ல பெண். நாற்காலி வேண்டாமென்று பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துகொண்டார். நான் முயலை மாட்டிக்கொண்டு இவளிடம் போனேன். வழக்கம்போல இரண்டு கையாலும் பிடித்து முகத்தோடு சேர்த்தாள். அடுத்த நொடி விட்டுவிட்டாள். பிறகு, அதுவரை முயலை மட்டுமே பார்த்தவள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். முயலை எங்கே கொண்டுபோய் வைத்துவிட்டாய் என்று கேட்கிற பார்வை. முயல்தான் என் கையிலேயே இருக்கிறதே!

கீச்சுக்குரலில் கெஞ்சினேன். முயலைக் குட்டிக்கரணம் அடிக்க வைத்தேன். "பஸ்ல சீட்டே கெடைக்கல பாப்பா" என்று நானாகவே எடுத்துக்கூடக் கொடுத்தேன். அவள் பாயில் இருந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "பரவால்ல மேடம், போதும். அடுத்த மாசம் மறுபடியும் வர்றேன், அவங்க அம்மாவையும் வரச் சொல்லுங்க. பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்று சிறப்பாசிரியர்தான் என்னைக் காப்பாற்றினார்.

அவர் போனபிறகு எனக்கு வந்த கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. "இத்தனை நாள் பேசினியே, இன்னிக்கு இன்னாடி வந்துச்சு உனக்கு?" என்று குழந்தையிடம் கத்திவிட்டேன். "பேஜார் ஆவாதீங்க டீச்சர், விடுங்க" என்றார் ஆம்பூர் டீச்சர். அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

அவள் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டுக் கழன்றுகொள்ள மனம் வரவில்லை. அன்று ஊருக்குப் போகாமல் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் போய்க் காத்திருந்தேன். அத்தையோடு இவளும் அங்கே நின்றிருந்தாள், என்னைப் பார்த்ததும் அத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பஸ் வந்தது. கம்பெனிக் கோட்டு போட்ட பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருத்தியைப் பார்த்து இவள் ஓடினாள். அவள் சட்டென்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "தொடாத, தொடாத, கை கழுவிட்டு வர்றேன்" என்றாள். இவள் கேட்கிற மாதிரியா? எம்பி ஒரு கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

"பஸ்ல சீட் கெடச்சுதா?"

"கெடச்சுது, கெடச்சுது."

"கால் வலிக்குதா?"

நான் பையிலிருந்து முயலை எடுத்து மோந்து பார்த்தேன். தோல் வாடையே இல்லை, ரோஜா அத்தர்.

காலையிலிருந்து சாம்பிராணிப் புகையில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அந்த அத்தர் குப்பியை எனக்குத் தெரியும். ஆம்பூர் டீச்சரின் கைப்பையில் சாவிக்கொத்தோடு கிடக்கும். அந்த இடத்திலிருந்தே போன் செய்தேன். "நான்தான் டீச்சர் தடவுனேன். வெளிய இருந்து ஆளு வர்றாங்களே, தோல் நாத்தம் அடிக்க வேணாமேன்னு…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், விஷயம் புரிந்ததும், "யா அல்லா" என்று அழ ஆரம்பித்துவிட்டார். திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் நான் விழுங்க வேண்டியதாயிற்று. அவரைத் திட்டி என்ன? குரல், கதை, குட்டிக்கரணம் என்று நான் ஆடிய ஆட்டத்தில் ஒன்றுகூட அந்தக் குழந்தைக்கு வேண்டியிருக்கவில்லையே.

அதற்குள் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்தவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஸ்மெல் வருதா டீச்சர்? இப்பதான் எறங்குனேன்." நடந்ததையும் முயலின் ரகசியத்தையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"தெனமும் எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுக் கழுவிட்டுத்தான் டீச்சர் அதுக்குச் சோறு ஊட்டுறேன். இந்த வாடை அதும் மேல ஒட்டக் கூடாதுன்னுதானே உங்ககிட்ட அனுப்புறேன். நீங்களே அத குடுத்து பேச வெக்கிறேன்னு சொல்றீங்க."

வேலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். அடுத்து வந்த நாட்களிலும் யோசித்தேன். ஆம்பூர் டீச்சர் ஒரு பை நிறையக் கையுறை கொண்டுவரத் தயாராக இருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். எதிலிருந்து மகளைத் தள்ளி வைக்க அந்த அம்மா இவ்வளவு பாடுபடுகிறாளோ, அதையே கையில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் நிற்பது சரியா? மாட்டாவிட்டால் குழந்தைக்கு ஊமைப் பட்டம், அது மட்டும் சரியா? இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது, அதுதான் பெரிய கொடுமை. முயல் அலமாரிக்குள் கிடந்தது. இவளும் பேசவில்லை.

ஒரு திங்கட்கிழமை இவள் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினாள். உள்ளே ஒரு கையுறை. புதிது இல்லை, விரல் நுனி எல்லாம் கறுத்து, போட்டுப் போட்டு மெத்தென்று ஆகியிருந்தது. மதியம் போன் வந்தது.

"அயர்னிங்ல நான் போட்டுக்கறது டீச்சர், சூடு படாம இருக்க. காது தெக்க வருமா பாருங்க." போனை வைக்கப் போனவள் மறுபடி சொன்னாள். "ஆனா நல்லா பேச ஆரம்பிச்சதும் திருப்பிக் குடுத்துடணும். அதுக்கு இந்த வாடை பழகிடக் கூடாது."

நான் பித்தான் தைத்தேன். பேச்சு திரும்பி வந்தது. காலையில் மாட்டினால் மதியம் வரை கழற்றமாட்டேன். வலது கையால் கரும்பலகையில் எழுதுவேன், இடது கையில் முயல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்.

சிறப்பாசிரியர் மறுபடி வந்த அன்று பள்ளியில் சாம்பிராணி இல்லை. தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆம்பூர் டீச்சர் கைப்பையைத் திறந்து காட்டி, "குப்பிய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன், பாத்துக்கோங்க" என்றார். அம்மாவும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். வகுப்பின் கடைசியில், சுவரோரமாக, இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெயிலும் படபடப்புமாக கையுறைக்குள் என் கை வியர்த்து ஊறிப்போயிருந்தது. சிறப்பாசிரியருக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக முயலைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். திரும்பும்போது யாரோ என் இடது கையைப் பிடித்து இழுத்தார்கள். இவள்தான். வெறும் கையை, உள்ளங்கையைத் திருப்பி, முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

"டீச்சர், பஸ்ல சீட் கெடச்சுதா?"

எனக்குக் கீச்சுக்குரல் வரவில்லை. என் சொந்தக் குரலிலேயே சொன்னேன்.

"இல்ல பாப்பா. வேலூர்லருந்து நின்னுகினே வந்தேன்."

அவள் பாயில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவனைத் தள்ளிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து, காலியான இடத்தைக் கையால் தட்டினாள்.

"இங்க உக்காருங்க."

சுவரோரமாக இருந்த அவள் அம்மா, துப்பட்டாவுக்குள்ளிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.